தனியாகப் போனால் நிற்கும் கார்

எங்கள் ஷெட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தங்கள் வண்டியைப் பற்றிக் கூசாமல் பொய் சொல்வார்கள். நேற்றுவரை நன்றாக ஓடியது என்பார்கள். ஆயில் இப்போதுதான் மாற்றினேன் என்பார்கள். என் வீட்டுக்காரர் உள்ளே ஏதாவது வண்டிக்கு அடியில் படுத்திருப்பார். முன்பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் உட்கார்ந்து, வருகிறவர் சொல்வதில் எது நிஜம் எது கதை என்று சலித்து அவரிடம் அனுப்புவது என் வேலை. அதனால்தான் அடித்துச் சொல்கிறேன், எக்ஸ்ரே அக்கா ஒரு தடவைகூட எங்களிடம் இல்லாததைச் சொன்னதில்லை. அப்படிப்பட்டவர் பேச்சை ஒருவரும் நம்பாமல் போன அந்தச் சில வாரங்களில் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

எக்ஸ்ரே அக்கா என்பது நாங்கள் வைத்த பெயர். பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில், வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள்வரை எக்ஸ்ரே எடுத்தவர். எதிரே வருகிற ஆளின் முகத்தை அவர் முதலில் பார்க்க மாட்டார், நடையைத்தான் பார்ப்பார். ஒருநாள் ஃபேன் பெல்ட் வாங்க வந்த முன்பின் தெரியாத ஒரு டிரைவரிடம், வலது இடுப்பில் ஏதோ இருக்கிறது, சீக்கிரம் காட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அந்த மனிதர் பெல்ட்டைக் கவுண்டரிலேயே வைத்துவிட்டுப் போனவர்தான். இப்படி வியாபாரத்தைக் கெடுத்தால் எப்படி அக்கா என்று கேட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று யோசிக்காமல் தன்னால் இருக்க முடியாது என்று சிரித்தார்.

காரை வாங்கியதும் அந்தக் குணத்தால்தான். ஆஸ்பத்திரியின் பின்பக்கம், பழைய எலும்பு டாக்டர் ஒருவர் விட்டுப்போன சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் உறை போட்டுக் கிடந்தது. இரண்டே சீட், கூரை கிடையாது, தரையை உரசுகிற மாதிரி அவ்வளவு தாழ்வு. தினமும் அதைத் தாண்டித்தான் அக்கா வேலைக்குப் போவார். ஓய்வு பெற்றதும் நேராகப் போய் அதை வாங்கிக்கொண்டார். இந்த வயதில், அதுவும் கணவர் போன பிறகு, கூரையில்லாத கார் எதற்கு என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். உறைக்குள் என்ன இருக்கிறது என்று இத்தனை வருஷம் யோசித்தாகிவிட்டது, இனிமேலாவது பார்க்க வேண்டாமா என்று அக்கா திருப்பிக் கேட்டாராம்.

அந்தக் கார் எங்கள் ஷெட்டுக்கு வந்ததிலிருந்து என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவும் சும்மா இருக்க மாட்டார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, இது என்ன, அது எதற்கு, இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இவரும் பள்ளிக்கூட வாத்தியார் கணக்காக விளக்குவார். போன மழைக்காலத்தில் காரின் தரையில் துரு ஏறியது. இவர் சீட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, கறுப்புப் பெயின்ட் அடித்தார். ஒரு கோட் அல்ல, கேட்பாரில்லாமல் கோட் மேல் கோட். முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. பக்கத்துக் கடைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு, ஒரு காரின் தரையைக் காட்டிய மனிதர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அதற்குப் பிறகுதான் தகராறு ஆரம்பித்தது. அக்காவின் மூத்த சகோதரி ஊருக்கு வெளியே, மேட்டுப் பாதையில் இருக்கும் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். அவருக்கு ஞாபகம் எல்லாம் போய்விட்டது. அக்கா வாரம் தவறாமல் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். போகிற வழியில் திடீரென்று எஞ்சின் இரண்டு மூன்று முறை இருமும், மூச்சு வாங்கும், நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றும் நடக்காத மாதிரி கிளம்பும். ஒரு வாரம் நிற்கும், அடுத்த வாரம் நிற்காது. எஞ்சினுக்குப் பெட்ரோல் போய்ச் சேரவில்லை என்பது கேட்டவுடனே என் வீட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது. எந்த இடத்தில், ஏன், எப்போது என்பதுதான் புரியவில்லை.

இவர் முறையாகத்தான் தேடினார், அதைக் குறை சொல்ல மாட்டேன். டேங்க் மூடியில் காற்று போக ஒரு சின்னத் துளை இருக்கும். அது அடைத்துக்கொண்டால் உள்ளே காற்று இல்லாமல் பெட்ரோல் வெளியே வராது. அடுத்த தடவை வண்டி நின்றதும் மூடியைத் திறந்து, புஸ் என்று சத்தம் வருகிறதா என்று கேட்கச் சொன்னார். அக்கா திறந்து பார்த்தார், சத்தம் வரவில்லை. ஃபில்டரில் அழுக்கு இல்லை. ரப்பர் ஹோஸின் உள்தோல் உரிந்து, கதவு மாதிரி அவ்வப்போது அடைக்கும் என்று ஹோஸைக் கழற்றி நீளவாக்கில் அறுத்தே பார்த்தார்கள். உள்ளே சுத்தமாக இருந்தது. அக்கா அந்தத் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எக்ஸ்ரே ஃபிலிம் பார்க்கிற மாதிரி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கார்புரேட்டரைப் பிரித்து மாட்டினார்கள். கடைசியில் பம்பு. அந்தக் காரில் பம்பு கரண்டில் ஓடுவது, பக்கத்து சீட்டுக்குப் பின்னால் தரையோடு ஒட்டி ஒரு மூடிக்குள் இருக்கும். சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று அடிக்கும். அதையும் மாற்றினார். மீட்டரை வைத்து வயருக்குக் கரண்ட் வருகிறதா என்று பார்த்தார், முழுசாக வந்தது.

ஒவ்வொன்றையும் செய்துவிட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். இவருக்கு ஒரு சட்டம் உண்டு. வண்டிக்குச் சொந்தக்காரர் கூட இல்லாமல் வண்டியைத் தெருவில் இறக்க மாட்டார். எப்போதோ யாரோ, இல்லாத கீறலை இவர் தலையில் கட்டப் பார்த்ததிலிருந்து வந்த சட்டம் அது. அதனால் அக்கா ஓட்டுவார், இவர் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். இல்லாவிட்டால் இவர் ஓட்டுவார், அக்கா உட்காருவார். மேடு, பள்ளம், வெயில், மழை எதிலும் வண்டி ஒரு இருமல்கூட இருமவில்லை. நடுவழியில் நின்றுவிட்டது என்று அக்கா போன் செய்தால் இவர் பைக்கில் போய்ச் சேருவார். போனதும் காருக்குள் ஏறி உட்கார்ந்து, இப்போது ஸ்டார்ட் பண்ணுங்கள் என்பார். முதல் திருப்பிலேயே கிளம்பிவிடும். என்னைக் கண்டால் வண்டிக்கே பயம் என்று வந்து பீற்றிக்கொள்வார். அக்கா சிரிப்பார், ஆனால் போகப் போக அந்தச் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது.

அக்காவின் ஒரே மகள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளும் அம்மாவோடு இரண்டு முறை அந்தப் பாதையில் போய்ப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு ஒருநாள் தனியாகக் கவுண்டருக்கு வந்து, தயங்கித் தயங்கிப் பேசினாள். அவளுடைய பெரியம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததாம். சமையலறைக் குழாய் தானாகத் திறந்துகொள்கிறது என்று பெரியம்மா சொல்லிக்கொண்டே இருந்தாராம். பிளம்பர் வந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. அவர் போனதும் மறுபடி திறந்துகொள்ளும் என்பார். எல்லாரும் குழாயை மாற்றிக்கொண்டிருந்தார்கள், வருஷம் ஓடிவிட்டது, அதற்குள் பெரியம்மாவின் ஞாபகம் கையைவிட்டுப் போய்விட்டது. இதைச் சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்து, உண்மையிலேயே காரில் கோளாறு இருக்கிறதா என்று கேட்டாள்.

உங்கள் அம்மா இருக்கிறது என்றால் இருக்கும் என்றேன். அத்தோடு விட்டிருக்கலாம். வண்டிக்கு அடியிலிருந்து என் வீட்டுக்காரர் தலையை நீட்டி, "நான் பார்த்தவரைக்கும் ஒன்னுமே இல்லம்மா" என்றார். என் கையில் அப்போது ஸ்பேனர் இல்லாதது அவர் அதிர்ஷ்டம். மகள் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள். சனிக்கிழமை பிற்பகல் ஞாபக மறதிக்குப் பார்க்கும் டாக்டரிடம் அக்காவைக் கூட்டிப்போவது, அன்றோடு கார் சாவியை வாங்கி வைத்துக்கொள்வது என்று முடிவாகிவிட்டது.

சனிக்கிழமை காலை, மகள் எங்கள் ஷெட்டில் வந்து அழைத்துப்போவதாகச் சொன்ன நேரத்துக்கு முன்பே அக்கா வந்தார். காரை விட்டு இறங்கியதும் உள்ளே போகாமல் என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"எனக்கே சந்தேகமா இருக்கு" என்றார். "போன வாரம் வண்டி நின்னப்ப, ரோட்டோரத்துல நின்னுக்கிட்டு மாசத்தோட பேரையெல்லாம் பின்னாலருந்து சொல்லிப் பார்த்தேன். டிசம்பர், நவம்பர்னு. தப்பில்லாம சொன்னேன். ஆனா எங்கக்காவும் ரொம்ப நாள் அப்படித் தப்பில்லாமத்தான் சொன்னா."

பேச்சை மாற்றலாம் என்று, பொய் வலி சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் ஆஸ்பத்திரியிலும் இருப்பார்கள்தானே என்று வாய்க்கு வந்ததைக் கேட்டுவைத்தேன். கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அக்காவுக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. பெட்டித் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை பார்க்கும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். பாதத்தில் வலி என்று வருவாள். மேசையில் படுக்கவைத்துப் படம் எடுப்பார்கள். எலும்பு எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். வேலைக்கு டிமிக்கி கொடுக்கப் பார்க்கிறாள் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அக்கா மட்டும், எப்போது வலிக்கிறது என்று கேட்டிருக்கிறார். நிற்கும்போது என்றாள் அவள். அப்படியானால் நில், உடம்பு பாரம் முழுவதையும் அந்தக் காலில் போடு என்று சொல்லிப் படம் எடுத்தார். இரண்டு எலும்புக்கு நடுவே நன்றாக விலகித் தெரிந்ததாம். படுத்தால் அது சேர்ந்துகொள்ளும்.

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். கண் என் மேல் இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. பிறகு மெதுவாக, "அவளுக்குப் பாரத்தை ஏத்தினதும் கோளாறு தெரிஞ்சுது. என் வண்டிக்குப் பாரத்தை எறக்கினா தெரியுமோ?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அக்கா விரலை மடக்கி எண்ண ஆரம்பித்துவிட்டார். தம்பி (என் வீட்டுக்காரரை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்) கூட வந்தபோது ஓடியது. மகள் வந்தபோது ஓடியது. நின்ற வண்டி, தம்பி ஏறி உட்கார்ந்ததும் கிளம்பியது. தனியாகப் போனால் மட்டும் நிற்கிறது. தனியாகப் போகும்போது வண்டியில் என்ன குறைகிறது? நான் எழுந்து நின்று உள்ளே பார்த்து ஒரு சத்தம் போட்டேன், என் வீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

அவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பெட்ரோலுக்கும் பக்கத்தில் ஆள் உட்காருவதற்கும் என்ன சம்பந்தம், மீட்டர் வைத்துப் பார்த்தாயிற்றே என்றார். மீட்டர் வைக்கும்போது தம்பி எங்கே இருந்தீர்கள் என்று அக்கா கேட்டார். பம்பு சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது, தரையில் முட்டி போட்டால்தானே கை எட்டும் என்று இவர் சொல்லிவிட்டு, சொன்ன வாயை மூடாமல் அப்படியே நின்றார்.

அந்த நேரம் பார்த்து மகள் தன் வண்டியில் வந்து இறங்கினாள். கையில் ஆஸ்பத்திரி ஃபைல். அம்மாவைப் பார்த்துச் சாவியைக் கேட்க வாயெடுத்தாள். அக்கா, "தரேன். அதுக்கு முன்னாடி ஒரு படம் எடுத்துக்கறேன்" என்றார்.

என் வீட்டுக்காரர் பானெட்டைத் திறந்து, கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் குழாயைக் கழற்றி ஒரு கண்ணாடி பாட்டிலுக்குள் விட்டார். எஞ்சின் ஓட வேண்டியதில்லை. சாவியைத் திருப்பினால் பம்பு அடித்து, டேங்கில் இருக்கும் பெட்ரோல் பாட்டிலில் வந்து விழ வேண்டும். அக்கா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். இவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். அக்கா பழக்க தோஷத்தில், எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சாவியைத் திருப்பினார். டிக் டிக் டிக். பாட்டிலில் பெட்ரோல் விட்டு விட்டுப் பீய்ச்சி அடித்தது.

"இப்ப எறங்குங்க தம்பி."

இவர் இறங்கினார். டிக் டிக் அப்படியே கேட்டது. பெட்ரோல் நிற்கவில்லை. மகள் ஃபைலைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், அம்மாவை மட்டும் பார்க்கவில்லை. அக்கா ஸ்டீரிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். அப்புறம், நிற்கிற வண்டி வேறு, ரோட்டில் போகிற வண்டி வேறு, வண்டியைக் குலுக்கிப் பாருங்கள் என்றார். இவர் பின்னால் போய்க் காரை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டினார்.

டிக் டிக் நின்றது. பாட்டிலுக்குள் கடைசியாக இரண்டு சொட்டு விழுந்தது, அவ்வளவுதான்.

சாவி திருப்பியபடியே இருக்கிறது, பம்பு செத்துக் கிடக்கிறது. அக்கா தலையைத் திருப்பாமல் மகளிடம், "நீ வந்து உக்காரு" என்றார். அவள் ஃபைலை என்னிடம் கொடுத்துவிட்டு, கதவைத் திறந்து, தாழ்வான அந்த சீட்டில் இறங்கி உட்கார்ந்தாள். டிக் டிக் டிக். பாட்டிலில் பெட்ரோல் பாய்ந்தது. அவள் எழுந்து வெளியே வந்தாள். இவர் காரை ஒரு குலுக்குக் குலுக்கினார், நின்றுபோனது. யாரும் சொல்லாமலே மறுபடி உட்கார்ந்தாள், வந்தது. அப்படியே உட்கார்ந்து அந்த பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தவள், சட்டென்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"பெரியம்மா மாதிரி ஆயிடுமோன்னு பயந்துட்டேம்மா."

அக்கா அவள் முதுகில் கையை வைத்தார். "நீ மட்டுமா பயந்த?" என்றார்.

இவர் அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல், மகள் இறங்கியதும் சீட்டைக் கழற்றப் போய்விட்டார். நானும் எட்டிப் பார்த்தேன். பம்பிலிருந்து வரும் எர்த் வயர் தரைத் தகட்டில் ஒரு போல்ட்டில் முறுக்கியிருந்தது. பம்புக்கு வந்த கரண்ட் திரும்பிப் போகிற வழி அதுதான், அது இரும்பைத் தொட்டால்தான் பம்பு ஓடும். அதற்கும் இரும்புக்கும் நடுவே இவர் அடித்த பெயின்ட், கோட் மேல் கோட். பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்தால் தகடு அமுங்கி, பெயின்டில் எங்கோ விழுந்த ஒரு கீறல் வழியாக வயர் இரும்பைத் தொடும். ஆள் இல்லாமல் மேடு பள்ளத்தில் குலுங்கினால் விலகிவிடும். பரிசோதிக்கப் போன மனிதர் ஒவ்வொரு முறையும் தன் முழங்காலாலேயே அதை அமுக்கிச் சரி செய்து வைத்துக்கொண்டு, கோளாறே இல்லை என்று சொல்லியிருக்கிறார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டு இதையும் காட்டுங்களேன் என்றேன். அவர் உப்புத்தாளை எடுத்து, தன் பளபளப்பைத் தானே சுரண்டி, வயரை வெறும் இரும்பில் முறுக்கி, சீட்டையும் பெட்ரோல் குழாயையும் பழையபடி மாட்டினார். பிறகு அக்காவிடம் வந்து, "என் வேலைதான்க்கா, மன்னிச்சுக்கங்க" என்றார். பெயின்ட் நன்றாகத்தான் இருந்தது தம்பி என்று அக்கா சொன்னார்.

மகள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். டாக்டருக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிடுவதாகச் சொன்னாள். அக்கா கையை நீட்டி என்னிடமிருந்து ஃபைலை வாங்கிக்கொண்டார்.

"வேண்டாம், நான் போறேன். வண்டி ஏன் நின்னுச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. என் தலைக்குள்ள என்ன இருக்குன்னு இன்னும் யாரும் பார்க்கலையே" என்றார். "எங்கக்கா பார்க்காமலே விட்டுட்டா. நான் பார்த்துடறேன்."

மகளுக்கு மறுபடி கண் கலங்கியது. நானும் கூட வருகிறேன் என்று பக்கத்து சீட்டின் கதவில் கை வைத்தாள்.

"வா. உன் வண்டியில பின்னால வா" என்றார் அக்கா. "இதுல யாரும் ஏற வேண்டாம்."

அவர் எஞ்சினைக் கிளப்பினார். எங்கள் ஷெட்டை விட்டு வெளியே போகிற பாதை குண்டும் குழியுமாக இருக்கும். சிவப்புக் கார் ஒவ்வொரு குழியிலும் விழுந்து எழுந்து போயிற்று. என் வீட்டுக்காரர் தலையைச் சாய்த்து அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். மகள் தன் வண்டியில் ஏறவே மறந்து, தெருவில் நின்றபடி, காலியான சீட்டோடு அது போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கார் நிற்காமல் முனை திரும்பியது.